காலண்டர் லட்சுமிக்குப் புடவை கட்டியவர்: யார் இந்த ராஜா ரவி வர்மா?

வெள்ளகோவிலில் கரூர் – கோவை ரோட்டை ஒட்டி எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒரு லட்சுமி இருப்பாள். அது எண்ணெய் ஆலையோ, விசைத்தறிப் பட்டறையோ, பேக்கரியோ, எதுவாக இருந்தாலும் சரி. குளத்து நடுவில் தாமரை, அதன் மேல் நிற்கும் பெண். நான்கு கைகள், பட்டுப்புடவை, தங்கக் கரை, கழுத்து நிறைய நகை. பக்கத்தில் மாலையைத் தூக்கிப் பிடிக்கும் யானை. கீழே தினமும் கிழிக்கிற தேதித்தாள்.

லட்சுமி எப்படி இருப்பாள் என்று ஒரு குழந்தையைக் கேட்டால் இந்தப் படத்தைத்தான் வரையும். சரஸ்வதியைக் கேட்டால் வெள்ளைப் புடவை, வீணை, பக்கத்தில் மயில். எத்தனையோ தலைமுறையாக அம்மன் இப்படித்தான் இருந்தாள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அதே வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். வேப்பமரத்தடியில் கன்னிமார் ஏழு பேரும் வெறும் ஏழு கற்கள். மஞ்சள் பூசியிருப்பார்கள், பொட்டு வைத்திருப்பார்கள். முகம் கிடையாது, புடவை கிடையாது, நிறமும் கிடையாது. கொங்கு நாட்டில் அதுவும் அம்மன்தான்.

கல்லுக்கும் காலண்டருக்கும் நடுவில் என்ன நடந்தது? தெய்வத்துக்கு ஒரு பெண்ணின் உடம்பையும் முகத்தையும் கொடுத்து, அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? பலர் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் அதில் முதல் பெயர் ராஜா ரவி வர்மா. அவர் இறந்து 100 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இன்னமும் நம்ம வீட்டு பூஜை ரூமை விட்டு அவர் போகவில்லை.

சுவரெல்லாம் கரி

பெயரில் ராஜா இருந்தாலும் ரவி வர்மா எந்த நாட்டையும் ஆண்டவர் அல்ல. 1848 ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கிளிமானூரில் பிறந்தார். திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு திருமண உறவு வைத்திருந்த குடும்பம் அது. அம்மா உமையம்பா தம்புராட்டி, கவிதை எழுதியவர். அப்பா நீலகண்டன் பட்டதிரிப்பாடு, சமஸ்கிருதம் படித்த பண்டிதர். மருமக்கத்தாயம் நடைமுறையில் இருந்த வீடு. அதாவது, பிள்ளைகள் அம்மா வழிக் குடும்பத்துக்கே சொந்தம். வீட்டின் வேர் பெண்கள்தான்.

சின்னப் பையனாக இருந்தபோது கரித்துண்டை எடுத்து வீட்டுச் சுவரில் யானை, மாடு என்று கிறுக்கி வைத்தாராம். அடி விழுந்திருக்க வேண்டிய இடம். ஆனால் மாமா ராஜராஜ வர்மாவே ஓவியர். தஞ்சாவூர் பாணியில் படம் போடத் தெரிந்தவர். பையனின் கை சாதாரணக் கை இல்லை என்று அவருக்குப் புரிந்தது. முதல் பாடம் அவரிடம்தான்.

14 வயதில் மாமா அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். மன்னர் ஆயில்யம் திருநாளுக்குக் கலை மேல் ஈடுபாடு. பையனை அங்கேயே தங்கிப் பழகச் சொன்னார்.

சொல்லித்தர மறுத்த குரு

அந்தக் காலத்தில் நம்ம ஊரில் ஆயில் பெயிண்டிங் புதுசு. நம் ஓவியர்கள் செடி, கல், மண் ஆகியவற்றிலிருந்து எடுத்த நிறங்களைத் தண்ணீரில் குழைத்துத் தீட்டிவந்தார்கள். அது சட்டென்று காய்ந்துவிடும். எண்ணெயில் குழைத்த நிறம் மெதுவாகத்தான் காயும். அதனால் ஒரு நிறத்தை இன்னொன்றோடு இழைத்துக் கன்னத்தின் மென்மையை, பட்டின் மினுமினுப்பை, தோலின் மேல் விழும் வெளிச்சத்தைக் காட்ட முடியும். உருவம் தட்டையாக இல்லாமல் தொட்டுப் பார்க்கலாம் போல எழுந்து நிற்கும்.

திருவனந்தபுரம் அரண்மனையில் இந்த வித்தை தெரிந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசுவாமி நாயக்கர். தொழில் ரகசியத்தைப் போட்டிக்காரனுக்குச் சொல்லித்தர அவருக்கு மனமில்லை. அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை என்பவர் குருவுக்குத் தெரியாமல் கொஞ்சம் சொல்லிக்கொடுத்ததாக வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மன்னரைப் படம் வரைய வந்தார். அவரும் பாடம் எடுக்கவில்லை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதித்தார்.

ரவி வர்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. மற்றதையெல்லாம் தானாகவே போட்டுப் பார்த்து, கெடுத்து, மறுபடி போட்டுக் கற்றுக்கொண்டார். யூடியூபும் இல்லை, ஆர்ட் காலேஜ் படிப்பும் இல்லை.

கொல்லூரில் 41 நாள்

1866-இல் மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பாகீரதி பாயியோடு கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு அப்போது 12 வயது. அவருடைய அக்காமார் இருவர் ஏற்கெனவே திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்துப் போனவர்கள்.

1870-இல் ரவி வர்மா கர்நாடகக் கரையிலுள்ள கொல்லூருக்குப் போனார். மூகாம்பிகை கோயிலில் 41 நாள் விரதமிருந்து வழிபட்டார். திரும்பி வரும் வழியில் கோழிக்கோட்டில் ஒரு குடும்பத்தைப் படம் வரைந்து கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டு வரைந்த முதல் படம் அதுதான் என்று சொல்லப்படுகிறது.

இன்று படிக்கும்போது இது சாதாரணமாகத் தெரியும். அன்று அரச வம்சத்து ஆண் கூலி வாங்கிக்கொண்டு படம் வரைவது கௌரவக் குறைச்சல். ஓவியம் வரைவது கைத்தொழில் செய்பவர்களின் வேலை. அந்த வேலியைத் தாண்டும் முன் அவர் போய் நின்றது ஒரு அம்மன் சன்னதியில். பக்தியும் பெண் உருவமும் தொழிலும் அவர் வாழ்க்கையில் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்ட இடம் இது.

மல்லிகை சூடும் பெண்

1873-இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு அவர் ஒரு படம் அனுப்பினார். கூந்தலில் மல்லிகைச் சரம் வைத்துக்கொள்ளும் நாயர் பெண். அரசியோ தேவதையோ இல்லை, கண்ணாடி முன் தன்னை அலங்கரித்துக்கொள்ளும் வீட்டுப் பெண்தான். கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் அந்தப் படத்துக்குப் பரிசு. 25 வயதில் பெயர் கடல் தாண்டியது.

அடுத்து ஒரு தமிழ்ப் பெண் வாத்தியம் வாசிக்கும் படம். அதற்கடுத்து துஷ்யந்தனுக்குக் காதல் கடிதம் எழுதும் சகுந்தலை. காட்டில் தரையில் குப்புறப் படுத்து, தாமரை இலையில் எழுதும் பெண். அந்தப் படத்தைச் சென்னை கவர்னராக இருந்த பக்கிங்காம் டியூக் வாங்கினார். சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த மோனியர் வில்லியம்ஸ் தன் புத்தகத்தின் முகப்பில் அதைப் போட்டுக்கொண்டார்.

புராணத்தை அவர் எங்கிருந்து பார்த்தார் என்று கவனித்தால் ஒன்று புரியும். யுத்தக் களத்தில் வில்லேந்தி நிற்கும் வீரனைவிட, காத்திருக்கும் தமயந்தி, தலைகுனிந்து கீசகன் வீட்டுக்குப் போகும் திரௌபதி, கங்கையிடம் பிள்ளையை இழக்கும் சந்தனுவின் கதை, மண்ணுக்குள் இறங்கும் சீதை இவைதான் அவரை இழுத்தன. பெண்ணின் முகத்தில் கதை திரும்பும் நொடியைத்தான் அவர் தேடினார்.

ஊட்டியில் கிடைத்த வேலை

1880-இல் ஆயில்யம் திருநாள் இறந்தார். அரண்மனையில் பழைய ஆதரவு குறைந்தது. இந்த நேரத்தில் கைகொடுத்தவர் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவ ராவ். முன்பு திருவிதாங்கூரில் திவான், பிறகு பரோடாவில் திவான். அவர் மூலமாக 1881-இல் ரவி வர்மாவும் தம்பி ராஜராஜ வர்மாவும் பரோடா போனார்கள். மாமா பெயரும் தம்பி பெயரும் ஒன்றேதான், குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தத் தம்பியும் நல்ல ஓவியர். அண்ணன் உருவம் வரைய, பின்னணி மலையும் மரமும் பலமுறை தம்பியின் கை.

1888-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் ஊட்டியில் தங்கியிருந்தபோது ரவி வர்மாவைச் சந்தித்தார். அன்று ஊட்டிக்கு மலை ரயில் கிடையாது. மேட்டுப்பாளையம் வரை ரயில், அங்கிருந்து மலையேற்றம். அந்தக் குளிரில் பேசி முடிவானது ஒரு பெரிய வேலை. ராமாயணம், மகாபாரதம், புராணங்களிலிருந்து 14 படங்கள்.

இங்கேதான் ரவி வர்மாவுக்கு ஒரு சிக்கல் வந்தது.

அம்மனுக்கு எந்தப் புடவை?

சீதை என்ன உடுத்தியிருப்பாள்? தமயந்தி எப்படிக் கட்டியிருப்பாள்? கேரளத்துப் பெண் முண்டு உடுத்துவாள், வடக்கே பாவாடையும் மேலாடையும், மராட்டியத்தில் கச்சம் வைத்துக் கட்டும் புடவை, தமிழ்நாட்டில் வேறு கட்டு. படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரே ஊர்க்காரர்கள் அல்ல. ஒரு ஊரின் உடையைப் போட்டால் மற்ற ஊர்க்காரர்களுக்கு அந்நியமாகிவிடும்.

தம்பியோடு வட இந்தியா முழுக்கச் சுற்றினார். கோயில், கடைத்தெரு, படித்துறை என்று போய்ப் பெண்களின் உடையையும் நகையையும் பார்த்தார். கடைசியில் அவர் பிடித்துக்கொண்டது புடவையை. எந்த ஊர்ப் பெண்ணும் ஏறக்குறைய நம்மவள் என்று சொல்லக்கூடிய ஒரு உடை. மடிப்பும் முந்தானையும் சேர்ந்து உடம்பின் வடிவத்தை மறைத்தும் காட்டியும் நிற்கும். ஓவியருக்கு அதைவிட என்ன வேண்டும்?

இந்தத் தேர்வு எவ்வளவு கனமானது என்று தெரிய ஒரு பழைய செய்தியை நினைவில் வைக்க வேண்டும். ரவி வர்மாவுக்கு 11 வயதாக இருந்தபோது, 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிவித்தது. அதுவும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. நாஞ்சில் நாட்டுத் தோள்சீலைப் போராட்டம் அதற்காகத்தான் நடந்தது. யார் எதை உடுத்தலாம் என்பதைச் சாதி தீர்மானித்த மண்ணிலிருந்து வந்தவர், எல்லாருக்குமான ஒரு புடவையைத் தேடினார் என்பது சின்ன விஷயம் இல்லை.

14 படங்களும் பரோடாவுக்குப் போகும் முன் திருவனந்தபுரத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. பிறகு பம்பாயிலும் கூட்டம் அலைமோதியது. அரண்மனைச் சுவருக்கு வரைந்த படத்தைத் தெருவில் போகிறவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள்.

மாடலாக நின்றவர்கள் எங்கே?

ரவி வர்மாவின் அம்மன்கள் உயிருள்ள பெண்களைப் பார்த்து வரையப்பட்டவர்கள். அதனால்தான் லட்சுமி தண்ணீர் மேல் நின்றாலும் அவளுக்கு எடை இருக்கிறது. தஞ்சாவூர்ப் படத்தில் தெய்வம் நம்மை நேராகப் பார்த்து அசையாமல் இருக்கும், பின்னால் தங்க ரேக்கு மின்னும். ரவி வர்மாவின் சரஸ்வதியோ ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்து, நிஜமாகவே வீணை வாசிக்கத் தெரிந்தவள் போல விரல் வைத்திருப்பாள்.

குடும்பப் பெண்கள் ஒரு அந்நியர் முன் மணிக்கணக்கில் நிற்கத் தயாராக இல்லாத காலம். பம்பாயில் அவருக்கு மாடலாக இருந்தவர்களில் பாட்டும் கலையும் தொழிலாகக் கொண்ட குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் இருந்தார்கள். பின்னாளில் இந்துஸ்தானி இசையில் பெரும் பெயர் எடுத்த அஞ்சனிபாய் மால்பேகர் அவர்களில் ஒருவராகச் சொல்லப்படுகிறார். மற்ற பலரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. அந்தப் பெண்களை அன்றைய கௌரவமான சமூகம் வீட்டு விசேஷத்துக்குக்கூட மரியாதையாகக் கூப்பிட்டிருக்காது. ஆனால் அவர்களின் தோளும் கையும் கண்ணும் அம்மனாகி அதே வீடுகளின் பூஜை அறைக்குள் போய்விட்டன. கும்பிட்டவர்களுக்கு அது தெரியாது.

ரவி வர்மாவின் சொந்த வீட்டிலும் ஒரு முரண் உண்டு. 1893-இல் வரைந்த ‘அதோ அப்பா வருகிறார்’ என்ற படம் மிகப் பிரபலம். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் கைகாட்டும் இளம் தாய், காலடியில் நாய். அந்தத் தாய்க்கு மாடல் அவருடைய மகள் மகாபிரபா. அப்பா படத்தில் இல்லை. ரவி வர்மாவே வருஷத்தில் பாதி நாள் ரயிலிலும் சமஸ்தானங்களிலும் கழித்தவர். பாகீரதி பாயி பெரும்பாலும் மாவேலிக்கரையில் பிள்ளைகளோடு இருந்தார். 1891-இல் இறந்துபோனார். இந்தப் படம் அதற்கு 2 ஆண்டு கழித்து வரையப்பட்டது.

அதே 1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. விவேகானந்தர் பேசிய சர்வ மதப் பேரவை நடந்தது இந்தக் கண்காட்சியை ஒட்டித்தான். அங்கே ரவி வர்மாவின் 10 ஓவியங்கள் போயின. பல சாதி, பல மதம், பல ஊர்களைச் சேர்ந்த இந்தியப் பெண்கள். பதக்கமும் கிடைத்தது.

கல்லில் அச்சான கடவுள்

ஆயில் பெயிண்டிங் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். மன்னர் வாங்கினால் அரண்மனையில் தொங்கும். அதை எல்லாருக்கும் கொடுக்க முடியுமா? 1884-லேயே மாதவ ராவ் இதற்கு யோசனை சொல்லியிருந்தார். சில படங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி வண்ணத்தில் அச்சடித்து வாங்குங்கள் என்பது அந்த யோசனை. ரவி வர்மா இன்னும் ஒரு படி மேலே போனார். 1894-இல் பம்பாயில் சொந்தமாக அச்சகமே தொடங்கினார். இயந்திரமும் தொழில்நுட்ப ஆட்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள்.

ஓலியோகிராஃப் எனப்படும் அந்த அச்சுமுறை எப்படி வேலை செய்யும்? வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள மையால் படத்தைத் தலைகீழாக, இடவலம் மாற்றி வரைவார்கள். கல்லை நனைத்து மை தடவினால், வரைந்த இடத்தில் மட்டும் மை ஒட்டும். எண்ணெயும் தண்ணீரும் சேராது, அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் ஒரு நிறத்துக்கு ஒரு கல். லட்சுமியின் தோல், புடவை, தாமரை, நிழல் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரே தாளைத் திரும்பத் திரும்ப அழுத்தி எடுக்க வேண்டும். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அம்மனுக்கு இரண்டு உதடு வந்துவிடும். கடைசியில் வார்னிஷ் அடித்து, துணியில் வரைந்தது போன்ற சொரசொரப்பையும் ஏற்றுவார்கள்.

முதலில் அச்சானது சகுந்தலையின் பிறப்பு. பிறகு லட்சுமி, சரஸ்வதி என்று வரிசையாக வந்தன. வாங்கியவர்கள் சும்மா மாட்டிவைக்கவில்லை. சட்டம் போட்டார்கள், பொட்டு வைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். சிலர் படத்தின் மேல் ஜரிகையும் ஜிகினாவும் ஒட்டிப் புடவையை நிஜமாகவே உடுத்திவிட்டார்கள்.

கோயில் வாசலில் நின்றவர்கள்

இந்தப் படங்கள் வந்த காலத்தை யோசித்தால்தான் இதன் முக்கியத்துவம் புரியும். திருவிதாங்கூரில் எல்லாச் சாதியினரும் கோயிலுக்குள் போகலாம் என்ற அறிவிப்பு வந்தது 1936-இல். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939-இல். அதற்கு 40 ஆண்டுக்கு முன்பே லட்சுமி ஒரு தாளில் ஏறி, காசு கொடுக்கும் எவர் வீட்டுக்கும் வந்துவிட்டாள். எந்தச் சாதி என்று அவள் கேட்கவில்லை. இடையில் யாரும் நிற்கவும் இல்லை. அவரவர் விளக்கை அவரவர் ஏற்றிக்கொள்ளலாம்.

ரவி வர்மா சாதி ஒழிப்புக்காக இதைச் செய்தார் என்று சொல்ல முடியாது. அவர் ஒரு தொழில் தொடங்கினார். ஆனால் அந்தத் தொழில் திறந்த கதவு பெரியது.

அதே கதவு இன்னொன்றைச் சாத்தியது. வீட்டுக்கு வந்த அம்மன் எப்போதும் சிவந்த நிறம். நகை போட்டவள். வெயிலில் வேலை செய்யாத கை. கோபப்பட்டால்கூட முகம் சுளிக்காதவள். தாளில் ஆயிரக்கணக்கில் ஒரே முகம் அச்சானபோது, ஊருக்கு ஊர் வேறுவேறாக இருந்த அம்மன் முகங்கள் மெல்ல ஒரே சாயலுக்கு வந்தன. பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண் மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்று சொல்லும்போது, அவர்கள் மனசில் ஓடுவது எந்த முகம் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

அதே வீட்டில் இன்னொரு தூரிகை

ரவி வர்மாவுக்கு ஒரு தங்கை உண்டு. மங்கள பாயி தம்புராட்டி. அவரும் ஆயில் பெயிண்டிங் வரைந்தவர். அண்ணனை அவர் வரைந்த உருவப்படம் இன்றும் பேசப்படுகிறது. பிச்சையிடும் பெண்ணை வரைந்த படமும் அவருடையது.

அண்ணன்மார் இரண்டு பேரும் பம்பாய், பரோடா, மைசூர், ஹைதராபாத் என்று சுற்றி வந்தபோது மங்கள பாயி கிளிமானூரில் இருந்தார். அரச வம்சத்துப் பெண் காசுக்குப் படம் வரைந்து ஊர் சுற்றுவது அன்று நினைத்துப் பார்க்க முடியாத காரியம். பெண்ணை இந்தியா முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த குடும்பத்தில், தூரிகை பிடித்த பெண் வீட்டோடு நின்றார். அவர் கையில் லட்சுமி எப்படி இருந்திருப்பாள் என்று நமக்குத் தெரியாமலே போய்விட்டது.

கடன், பிளேக், மரணம்

படம் வரைவதில் இருந்த கெட்டிக்காரத்தனம் கணக்குப் பார்ப்பதில் இல்லை. அச்சகச் செலவு ஏறிக்கொண்டே போனது. பம்பாயில் பிளேக் பரவியது. அச்சகத்தை லோனாவாலா பக்கத்தில் மளவ்லி என்ற ஊருக்கு மாற்றினார்கள். அங்கேயும் நிமிரவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சகத்தை, படங்களை அச்சடிக்கும் உரிமையோடு சேர்த்து, அங்கே வேலை பார்த்த ஜெர்மன்காரர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்கு விற்றுவிட்டார். வியாபாரம் அதற்குப் பிறகுதான் கொழித்தது. ரவி வர்மா பெயர் தீப்பெட்டியிலும் துணி லேபிளிலும் கூடப் பரவியது. லாபம் அவர் வீட்டுக்கு வரவில்லை.

அந்த அச்சகத்தில் கொஞ்சகாலம் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் பின்னாளில் சினிமா எடுத்தார். அவர்தான் தாதா சாகேப் பால்கே. 1913-இல் வந்த அவருடைய ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் நடிக்கப் பெண்கள் கிடைக்காமல், ராணி வேஷத்தை ஒரு ஆண் போட்டார். திரையில் அசைந்த முதல் புராணப் பெண்ணின் கட்டும் கோலமும் ரவி வர்மா படங்களிலிருந்து பிறந்தவைதான்.

1904-இல் ஆங்கிலேய அரசு ரவி வர்மாவுக்கு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1905 தொடக்கத்தில் தம்பி ராஜராஜ வர்மா இறந்தார். கூடவே வரைந்த கை போய்விட்டது. சர்க்கரை நோயோடு மைசூர் அரண்மனைக்கான கடைசிப் புராணப் படங்களை முடித்தார். 1906 அக்டோபர் 2 அன்று கிளிமானூரில் காலமானார். வயது 58.

திட்டியவர்களும் தேடியவர்களும்

அவர் இறந்த கையோடு விமர்சனம் சூடுபிடித்தது. ஆனந்த குமாரசுவாமி, சகோதரி நிவேதிதா, சென்னைக் கலைப் பள்ளியிலும் கல்கத்தாவிலும் தலைவராக இருந்த ஹேவல் ஆகியோர் ரவி வர்மாவை ஏற்கவில்லை. ஐரோப்பிய நாடக மேடைப் பாணியில் தெய்வத்தை மனிதராக்கிவிட்டார், ஆன்மிகம் இல்லை, வெறும் அழகுதான் இருக்கிறது என்பது அவர்களின் வாதம். தரையில் படுத்துக் கடிதம் எழுதும் சகுந்தலையைக்கூட நிவேதிதா கண்ணியக்குறைவாகப் பார்த்தார். வங்காளத்தில் அபனீந்திரநாத் தாகூர் வேறு பாதையை எடுத்தார்.

ஆனால் விமர்சகர்கள் மியூசியத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மக்கள் பூஜை ரூமில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஒரு படத்தின் முன் ஒரு அம்மா தினமும் சாயங்காலம் விளக்கேற்றினால், அதில் ஆன்மிகம் இருக்கிறதா என்று யார் முடிவு செய்வது?

பிறகு அரசும் திரும்பிப் பார்த்தது. 1979-இல் ரவி வர்மாவின் ஓவியங்கள் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. அவருடைய அசல் ஓவியத்தை இன்று நாட்டுக்கு வெளியே விற்க முடியாது.

கொங்கு நாட்டுச் சுவருக்கு வந்த வழி

ஷ்லைஷரின் அச்சகத்திலிருந்து நேராக வெள்ளகோவிலுக்கு லட்சுமி வந்துவிடவில்லை. நடுவில் கோவில்பட்டி, சிவகாசி என்று இரண்டு ஊர். மயிலாப்பூரில் பிறந்த கொண்டையா ராஜு சென்னைக் கலைப் பள்ளியில் படித்தார். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சாதுவாக இருந்தார். பிறகு நாடக கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, 1940-களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் வரைந்த மீனாட்சி, முருகன், லட்சுமி படங்களைச் சிவகாசி அச்சடித்துத் தமிழ்நாடு முழுக்கக் காலண்டராக அனுப்பியது. ரவி வர்மாவின் புடவை மடிப்பு அதில் உண்டு. கூடவே நம்ம ஊர்க் கோயில் சிலையின் நேர்ப்பார்வையும் உண்டு. பார்க்கிறவரை அம்மன் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதைத் தமிழ் ஓவியர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

திருப்பூரிலிருந்து வளர்ந்த தி சென்னை சில்க்ஸ் 2008-இல் ஒரு பட்டுப்புடவையை விற்றது. விலை கிட்டத்தட்ட 40 லட்சம் ரூபாய். கின்னஸில் இடம்பிடித்தது. அதில் நெய்திருந்தது ரவி வர்மாவின் 11 ஓவியங்கள். அம்மனுக்குப் புடவை கட்டியவரின் படங்களே கடைசியில் புடவை ஆகிவிட்டன. 2020-இல் தென்னிந்திய நடிகைகள் ரவி வர்மா ஓவியப் பெண்களாக வேஷம் போட்டு எடுத்த காலண்டர் படங்கள் போனில் சுற்றியது பலருக்கு நினைவிருக்கும். பழைய ஓவியம் ஒவ்வொன்றையும் இன்றைய முகத்தோடு ஒப்பிட்டு ஷேர் செய்தோம்.

மளவ்லி அச்சகம் 1972-இல் தீப்பிடித்து எரிந்தது. கற்களும் படங்களும் நிறைய போய்விட்டன. ஆனால் அதற்குள் அந்த முகம் அச்சகத்தை நம்பியிருக்கவில்லை.

அடுத்த முறை கடையில் பில் போடக் காத்திருக்கும்போது காலண்டரைக் கொஞ்சம் நேரம் பாருங்கள். கோயில் கதவு மூடியிருந்தவர்களுக்குக் கும்பிட ஒரு முகம் தந்த படம் அது. பம்பாயில் ஏதோ ஒரு அறையில் கால் வலிக்க நின்ற, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் படமும் அதுதான். தோட்டத்து வேப்பமரத்தடியில் இருக்கும் ஏழு கற்களுக்கு இந்த முகம் பொருந்துமா என்பதை அந்தத் தோட்டத்துப் பெண்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் இன்னும் கல்லுக்கு மஞ்சள்தான் பூசிக்கொண்டிருக்கிறார்கள்.